கிருஷ்ணனா? விஜய்யா? – சென்னையின் தீராத டென்னிஸ் பட்டிமன்றம்

அமெரிக்காவில் கூடைப்பந்து ரசிகர்கள் நாலு பேர் ஒன்று கூடினால் ஒரு கேள்வி வராமல் இருக்காது. எல்லாக் காலத்திலும் சிறந்த ஆட்டக்காரர் யார்? மைக்கேல் ஜோர்டானா, லெப்ரான் ஜேம்ஸா? ஜோர்டான் கட்சி 6 சாம்பியன் பட்டங்களைக் காட்டும். லெப்ரான் கட்சி, 2023-ல் அவர் எல்லோரையும் தாண்டி அதிகப் புள்ளிகள் எடுத்தவர் ஆனதைக் காட்டும். மூலையில் இருக்கும் ஒரு பெரியவர் மெதுவாக வாயைத் திறப்பார். "பில் ரஸ்ஸல் 11 பட்டம் ஜெயித்தாரே, அது கணக்கில் வராதா?" அத்தோடு சண்டை மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்!

இந்தச் சண்டை ஏன் முடியவே மாட்டேன் என்கிறது? காரணம் எளிமையானது. ரஸ்ஸல் 1956-ல் ஆட வந்தபோது அந்த லீகில் மொத்தம் 8 அணிகள்தான். இன்று 30. மூன்று புள்ளிக் கோடு என்பதே 1979-ல்தான் வந்தது. ஆட்டத்தின் பெயர் ஒன்று, ஆடிய உலகம் வேறு வேறு. அந்தக் காலத்து எண்ணையும் இந்தக் காலத்து எண்ணையும் ஒரே தராசில் போட்டால் முள் எங்கே நிற்கும்?

இதே மாதிரி ஒரு வழக்கு சென்னைக்கும் உண்டு. விளையாட்டு மட்டும் வேறு, டென்னிஸ். இந்தியா கண்ட மிகச் சிறந்த ஒற்றையர் ஆட்டக்காரர் யார்? ராமநாதன் கிருஷ்ணனா, விஜய் அமிர்தராஜா? இருவரும் இந்த ஊரில் ஆடி வளர்ந்தவர்கள். இருவரும் நுங்கம்பாக்கம் லயோலா கல்லூரியில் படித்தவர்கள். இருவருமே ஒற்றையரில் கிராண்ட்ஸ்லாம் பட்டம் வென்றதில்லை. அதனால்தான் இந்த வழக்கு சுவாரஸ்யம். பட்டங்களை எண்ணி முடிவு சொல்லிவிட முடியாது. கொஞ்சம் வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

முதல் அணி: கிருஷ்ணன்

கிருஷ்ணன் 1937-ல் பிறந்தவர். அப்பா டி.கே.ராமநாதனும் நல்ல டென்னிஸ் ஆட்டக்காரர். தென்காசியில் அப்பாதான் குரு. பிறகு குடும்பம் சென்னைக்கு வந்தது. மயிலாப்பூர் ஆலிவர் ரோட்டையும் (இன்றைய முசிறி சுப்பிரமணியம் சாலை) இந்தக் குடும்பத்தையும் பழைய டென்னிஸ் ரசிகர்களால் பிரித்துப் பார்க்க முடியாது. அங்கே டென்னிஸ் என்பது குடும்பத் தொழில் மாதிரி. தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை.

1954-ல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார் கிருஷ்ணன். ஆசியாவிலிருந்து அதை வென்ற முதல் ஆள் அவர்தான். இறுதி ஆட்டத்தில் தோற்றவர் ஆஷ்லி கூப்பர். நாலே வருடத்தில், 1958-ல், அதே கூப்பர் ஆண்கள் பிரிவில் விம்பிள்டன் சாம்பியன்!

அடுத்தது 1960. விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனார் கிருஷ்ணன். அங்கே நீல் ஃப்ரேசரிடம் தோல்வி. 1961-ல் மறுபடியும் அரையிறுதி. இந்த முறை ராட் லேவரிடம் தோல்வி. இரண்டு முறையும் அவரை வென்றவர்தான் கடைசியில் கோப்பையைத் தூக்கினார். 1961 காலிறுதியில் கிருஷ்ணன் நேர் செட்களில் வீழ்த்தியது ராய் எமர்சனை. அந்த எமர்சன் அதே வருடம் ஆஸ்திரேலியப் பட்டத்தையும் அமெரிக்கப் பட்டத்தையும் வென்றவர். 1962-ல் விம்பிள்டனில் கிருஷ்ணனுக்கு 4-வது தரவரிசை இடம் கொடுத்தார்கள். ஆனால் கணுக்கால் காயம் பாதியிலேயே வெளியேற்றிவிட்டது.

அவருடைய சர்வீஸ் யாரையும் பயமுறுத்தியதில்லை. பலத்தால் அடித்தவர் இல்லை அவர். பந்தை எங்கே வைப்பது, எப்போது மெதுவாகத் தொடுவது என்ற கணக்கில் ஜெயித்தவர்.

இரண்டாம் அணி: விஜய்

விஜய் அமிர்தராஜ் 1953-ல் சென்னையில் பிறந்தவர். சின்ன வயதில் நுரையீரல் கோளாறு, அடிக்கடி ஆஸ்பத்திரி வாசம். அம்மா மேகி அமிர்தராஜ் பள்ளிக்குப் போய் மகனுக்காகப் பாடக் குறிப்பு எடுத்து வருவாராம். உடம்பு தேறட்டும் என்றுதான் கையில் டென்னிஸ் மட்டை கொடுத்தார்கள். ஆனந்த், விஜய், அசோக் என்று மூன்று பிள்ளைகளுமே சர்வதேச ஆட்டக்காரர்களாக வளர்ந்தார்கள்.

விஜய்யின் பெரிய வருடம் 1973. விம்பிள்டன் காலிறுதியில் யான் கோடெஷிடம் ஐந்து செட் போராடி, கடைசி செட்டில் 5-7 என்று தோற்றார். கோடெஷ்தான் அந்த வருட சாம்பியன். அதே கோடையில் அமெரிக்காவில் பிரெட்டன் வுட்ஸ் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஜிம்மி கானர்ஸை வென்றார். செப்டம்பரில் அமெரிக்க ஓப்பனில் ராட் லேவரை ஐந்து செட்டில் வீழ்த்திக் காலிறுதிக்குப் போனார். 1974 அமெரிக்க ஓப்பனில் அவரிடம் தோற்றது பியோன் போர்க். அந்த வருட பிரெஞ்சு சாம்பியன்! டென்னிஸின் 'ஏ பி சி' என்றால் அமிர்தராஜ், போர்க், கானர்ஸ் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதிய காலம் அது.

1981-ல் மறுபடி விம்பிள்டன் காலிறுதி. கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்டையும் வென்றுவிட்டு, அடுத்த மூன்றையும் இழந்தார். 1984-ல் ஜான் மெக்கன்ரோ ஒரு வருடம் முழுக்க 82 ஆட்டங்களில் ஜெயித்து மூன்றே மூன்றில்தான் தோற்றார். அந்த மூன்றில் ஒன்று சின்சினாட்டியில் விஜய்யிடம்! அப்போது விஜய்க்கு வயது 30. உலகத் தரவரிசையில் அவருடைய உச்சம் 1980-ல் 18-ம் இடம்.

எண்களை வைத்து முடித்துவிடலாமே?

அரையிறுதி பெரிதா, காலிறுதி பெரிதா? அரையிறுதிதான். அப்படியானால் கிருஷ்ணன் ஜெயித்தார், கூட்டம் கலையலாம். இப்படி முடிப்பவர்கள் உண்டு. ஆனால் விஜய் கட்சிக்காரர்களிடம் ஒரு வலுவான சீட்டு இருக்கிறது.

1968 வரை விம்பிள்டனில் அமெச்சூர்கள் மட்டும்தான் ஆடலாம். காசு வாங்கிக்கொண்டு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கதவு மூடியிருந்தது. கிருஷ்ணன் அரையிறுதி ஆடிய 1960, 1961-ல் பாஞ்சோ கொன்சாலஸ், கென் ரோஸ்வால், லூ ஹோட் மாதிரியான பெரிய கைகள் எல்லாம் வெளியே இருந்தார்கள். அவர்களும் வந்திருந்தால் கிருஷ்ணன் அரையிறுதிக்குப் போயிருப்பாரா?

நல்ல கேள்விதான். ஆனால் கிருஷ்ணன் கட்சியிடமும் பதில் சீட்டு உண்டு. 1973 விம்பிள்டனை நினைத்துப் பாருங்கள். யூகோஸ்லாவிய ஆட்டக்காரர் நிகோலா பிலிச்சைத் தடை செய்ததை எதிர்த்து ஆட்டக்காரர்கள் சங்கம் போட்டியைப் புறக்கணித்தது. 81 பேர் ஆடவில்லை. முந்தைய வருட சாம்பியன் ஸ்டான் ஸ்மித் இல்லை, நியூகோம்ப் இல்லை, ரோஸ்வால் இல்லை, ஆர்தர் ஆஷ் இல்லை. விஜய் காலிறுதிக்குப் போன விம்பிள்டனும் பாதி காலியான விம்பிள்டன்தான்!

ஆக, இரண்டு பேருடைய புகழ்பெற்ற விம்பிள்டன்களிலும் ஓட்டை இருக்கிறது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைப்பது நியாயம் ஆகாது.

தரவரிசையும் இங்கே உதவாது. கம்ப்யூட்டர் தரவரிசை வந்ததே 1973 ஆகஸ்டில்தான். அதற்கு முன்னால் பத்திரிகையாளர்களும் டென்னிஸ் நிபுணர்களும் தங்கள் கணிப்பில் பட்டியல் போட்டார்கள். அப்படி 1961-ல் வந்த ஒரு பட்டியலில் கிருஷ்ணனுக்கு உலகின் 3-ம் இடம். கிருஷ்ணனின் 3-ஐயும் விஜய்யின் 18-ஐயும் பக்கத்தில் வைத்துக் கழிப்பது, முழத்தையும் மீட்டரையும் கழிப்பது மாதிரி.

ஒரு லேவர், இரண்டு காலம்

வேறு அளவுகோல் உண்டா? ஒன்று இருக்கிறது. இருவரும் ராட் லேவரை வென்றிருக்கிறார்கள்.

1959 டேவிஸ் கோப்பையில் பாஸ்டன் நகரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதின. கிருஷ்ணன் லேவரை 6-1, 6-4, 8-10, 6-4 என்று வென்றார். லேவர் அப்போது 21 வயதுப் பையன். அந்த வருடம் விம்பிள்டன் இறுதி ஆட்டம் வரை போனவர்தான். ஆனால் நாலு கிராண்ட்ஸ்லாமையும் ஒரே வருடத்தில் வென்ற 1962-ன் லேவர் ஆக இன்னும் மூன்று வருடம் பாக்கி. விஜய் வென்றது 35 வயது லேவரை. 1969-ல் இரண்டாவது முறையாக நாலையும் வென்று முடித்து, இறங்குமுகத்தில் இருந்த லேவர். ஒருவர் சூரியன் ஏறும்போது பிடித்தார், மற்றவர் சாயும்போது பிடித்தார். உச்சிவெயில் நேரத்து லேவரை இருவரும் வென்றதில்லை. 1961 விம்பிள்டனில் கிருஷ்ணன் அந்த வெயிலைத் தொட்டுப் பார்த்துச் சுட்டுக்கொண்டார்.

இன்னொரு பெயரும் இருவருக்கும் நடுவில் ஓடுகிறது. கென் ரோஸ்வால். கிருஷ்ணனின் விம்பிள்டன்களில் தொழில்முறை விதியால் இல்லாமல் போன அதே ரோஸ்வால், 1973-லும் 1974-லும் அமெரிக்க ஓப்பன் காலிறுதியில் விஜய்யை நிறுத்தினார். அப்போது அவருக்கு வயது 38, 39! நாற்பதை நெருங்கிய ரோஸ்வாலே இப்படி என்றால், 1960-ல் வெளியே நின்ற ரோஸ்வால் எப்படி இருந்திருப்பார்? விஜய் கட்சி வைக்கும் வாதங்களில் இதுதான் கனமானது. ஆனால் ஒருவரை எதிர்த்து ஆட அனுமதியே இல்லாதபோது, அவரிடம் தோற்றிருப்பார் என்று கிருஷ்ணன் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

எழுதப்படாத பக்கங்கள்

இங்கேதான் இந்த வழக்கின் முக்கியமான விஷயம் வருகிறது. வழக்கமாக இருவரும் செய்ததை வைத்துத்தான் பேசுகிறார்கள். செய்ய முடியாமல் போனதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஐம்பதுகளின் கடைசியில் தொழில்முறை டென்னிஸை நடத்திய ஜாக் கிராமர் கிருஷ்ணனுக்கு மூன்று வருடத்துக்கு 1,50,000 டாலர் தர முன்வந்தார். அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. கிருஷ்ணன் மறுத்துவிட்டார். போயிருந்தால் ரோஸ்வாலோடும் கொன்சாலஸோடும் தினமும் ஆடியிருப்பார். அவர் தரம் என்ன என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் கிடைத்திருக்கும். ஆனால் தொழில்முறைக்குப் போனவர்கள் டேவிஸ் கோப்பை ஆட முடியாது. கிருஷ்ணன் போயிருந்தால் இந்தியாவுக்கு 1966 கிடைத்திருக்காது.

1966-ல் என்ன நடந்தது? கல்கத்தா சவுத் கிளப்பில் பிரேசிலுக்கு எதிராக 2-2 என்று சமன். கடைசி ஆட்டம், கிருஷ்ணனும் தாமஸ் கோக்கும். கோக் இரண்டு செட்டுக்கு ஒன்று என்று முன்னிலை. நாலாவது செட்டிலும் 5-2. அங்கிருந்து கிருஷ்ணன் 7-5, 6-2 என்று திருப்பினார்! இந்தியா முதன்முதலாக டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 1-4 என்று தோல்வி. அந்த ஒன்று, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் நியூகோம்ப்–ரோச் ஜோடியை வீழ்த்தியதில் கிடைத்தது.

விஜய்க்கும் எழுதப்படாத பக்கம் ஒன்று உண்டு. 1974 டேவிஸ் கோப்பையில் கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று வென்றது இந்தியா. விஜய்–ஆனந்த் ஜோடி ஆடிய இரட்டையர் ஆட்டம் மட்டும் 99 கேம்கள்! (17-15, 6-8, 6-3, 16-18, 6-4. டேவிஸ் கோப்பையில் டை பிரேக்கர் இல்லாத காலம்.) அடுத்து சோவியத் யூனியனையும் வென்று இறுதிக்கு வந்தார்கள். எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி நடத்தும் நாட்டோடு ஆடுவதில்லை என்று இந்தியா விலகியது. ஆடாமலேயே கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. டேவிஸ் கோப்பை வரலாற்றில் இறுதி ஆட்டம் நடக்காமல் போன முதல் வருடம் அதுதான்.

அந்த முடிவு சரியான முடிவு. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் இருபது வயதை ஒட்டிய ஆட்டக்காரர்கள். விஜய் மறுபடி இறுதிக்கு வர 13 வருடம் ஆனது. 1987-ல் கோதன்பர்க்கில் ஸ்வீடனிடம் 0-5. அப்போது அவருக்கு வயது 34.

எந்தப் பட்டியலிலும் இந்த இரண்டு பக்கமும் வராது. ஒருவர் பணத்தை விட்டார், உலகத் தரத்தை நிரூபிக்கும் வாய்ப்பும் கூடவே போனது. மற்றவருக்கு நாட்டின் கொள்கைக்காக வாழ்நாளின் சிறந்த வாய்ப்பு போனது.

மூன்றாவது குரல்

பட்டிமன்றத்தில் எப்போதும் ஒருவர் எழுந்து "ரமேஷை மறந்துவிட்டீர்களே!" என்பார். நியாயம்தான். ராமநாதன் கிருஷ்ணனின் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-ல் அப்பாவைப் போலவே விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்றார். அதே வருடம் பிரெஞ்சு சிறுவர் பட்டமும். அமெரிக்க ஓப்பனில் 1981, 1987-லும் விம்பிள்டனில் 1986-லும் காலிறுதி. 1987-ல் இந்தியாவை இறுதிக்குக் கொண்டு போனது சிட்னியில் வாலி மசூரை அவர் வென்ற கடைசி ஆட்டம்தான். 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் உலகின் முதல் நிலை ஆட்டக்காரர் மாட்ஸ் விலாண்டரை வெளியேற்றினார். அப்பாவின் மென்மையான கை அவருக்கும் இருந்தது, அப்பாவின் சர்வீஸும்! வேகமான மட்டைகளின் காலத்தில் அந்த சர்வீஸ் அவரைக் காலிறுதியைத் தாண்ட விடவில்லை.

இரட்டையரையும் சேர்த்தால் லியாண்டர் பயஸ் வந்துவிடுவார். 18 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒற்றையர் வெண்கலம். அவர் கல்கத்தாக்காரர் என்றாலும் பட்டை தீட்டப்பட்டது சென்னையில், அமிர்தராஜ் குடும்பம் நடத்திய பிரிட்டானியா அமிர்தராஜ் பயிற்சித் திட்டத்தில். 2024-ல் பயஸும் விஜய்யும் ஒன்றாகவே சர்வதேச டென்னிஸ் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்கள். பயஸ் ஆட்டக்காரர் பிரிவில். விஜய் சேர்ந்தது டென்னிஸுக்குப் பங்களித்தவர்களின் பிரிவில். இதையே இரண்டு கட்சியும் தங்களுக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

தீர்ப்பு

பட்டிமன்றம் என்றால் நடுவர் தீர்ப்பு சொல்லியாக வேண்டும். "இருவரும் பெரியவர்களே" என்று மழுப்பினால் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

அதிக காலம், எல்லோரும் ஆடும் திறந்த களத்தில், உலகமெங்கும் தாக்குப்பிடித்தவர் யார் என்றால் விஜய். 1973-ல் கானர்ஸ், 1984-ல் மெக்கன்ரோ. இடையில் உள்ள 11 வருடமே அதற்குச் சாட்சி.

ஆனால் 'சிறந்த' என்பது ஒருவர் தொட்ட உயரம் என்றால் கிருஷ்ணன்தான். தொடர்ந்து இரண்டு வருடம் அரையிறுதி, மூன்றாவது வருடம் அதைவிட உயர்ந்த தரவரிசை. அந்த வருடத்தின் ஆஸ்திரேலிய சாம்பியன் மீது நேர் செட் வெற்றி. நாடே நம்பியிருந்த ஐந்தாவது ஆட்டத்தில் 2-5-லிருந்து மீட்பு. ரோஸ்வால் இல்லாததைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இந்தப் பட்டியல் அரை அடி உயரமாகவே நிற்கிறது. அரை அடிதான், அதற்கு மேல் இல்லை.

இந்தத் தீர்ப்பை விட யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 1961-க்குப் பிறகு எந்த இந்தியரும் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் அரையிறுதி ஆடவில்லை. 1987-ல் ரமேஷுக்குப் பிறகு காலிறுதிகூட இல்லை. நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் 1997 முதல் 2017 வரை ஆண்களுக்கான சென்னை ஓப்பன் நடந்தது. ரசிகர்கள் வந்தார்கள், நடால் மாதிரியானவர்களும் வந்தார்கள். 2018-ல் போட்டி புனேக்குப் போய்விட்டது. 2022-ல் பெண்களுக்கான சென்னை ஓப்பன் அதே ஸ்டேடியத்தில் நடந்தது.

பக்கத்திலேயே செஸ்ஸைப் பாருங்கள். "ஆனந்துக்கு ஈடு யார்?" என்று பேசிக்கொண்டிருந்த இதே சென்னையில், 2024 டிசம்பரில் 18 வயது குகேஷ் உலக சாம்பியன் ஆனார். அந்தப் பட்டிமன்றத்துக்குப் புதுப் பேச்சாளர் வந்துவிட்டார், இனி பல வருடம் சூடாக நடக்கும். டென்னிஸ் பட்டிமன்றத்திலோ நாற்பது வருடமாக அதே மூன்று பெயர்கள். கிருஷ்ணனா விஜய்யா என்ற கேள்விக்கு ஒருநாள் "இரண்டு பேரும் இல்லை, இதோ இந்தப் பையன்" என்று யாராவது பதில் சொன்னால், அன்றைக்கு முதலில் சந்தோஷப்படுபவர்கள் அந்த இரண்டு பேராகத்தான் இருக்கும்.